கேட்கும் நேரத்தில் பெரிய ஆன்டெனாவைத் தூங்க வைப்பது எப்படி

160 மீட்டர் பேண்டுக்கென்று (1.8 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) தனியாக ஒரு ரிசீவிங் ஆன்டெனா போட்டுவிட்டு, "என்னங்க, பெரிய வித்தியாசம் எதுவும் தெரியலையே" என்று சலித்துக்கொள்ளும் ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், நிறையப் பேர். நானும் ஒரு சீசன் முழுக்க அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தேன். தோப்பு ஓரத்தில் இரண்டு தென்னைகளைப் பிடித்து 40 மீட்டர் வயரில் ஒரு இன்வெர்ட்டட் எல். 15 மீட்டர் செங்குத்தாக ஏறி, மீதி படுக்கையாகப் போகும். அது அனுப்புவதற்கு. அதிலிருந்து இருபது மீட்டர்கூடத் தள்ளாமல் ஒரு கே9ஏஒய் லூப் (வளையமாகக் கட்டும் சின்ன ரிசீவிங் ஆன்டெனா), அது கேட்பதற்கு. லூப்பில் எல்லாம் சரி, டிரான்ஸ்ஃபார்மர் சரி, ரெசிஸ்டர் சரி. ஆனாலும் பக்கத்து வீட்டு யூ.பி.எஸ்ஸின் கிர்ர் சத்தம் லூப்பிலும் அதே பலத்தோடு வந்து உட்கார்ந்தது. கடைசியில் பார்த்தால் கோளாறு லூப்பிலேயே இல்லை, பக்கத்தில் சும்மா நிற்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த இன்வெர்ட்டட் எல்லில் இருந்தது.

விஷயம் இதுதான். 1.8 மெகாஹெர்ட்ஸில் வெளியிலிருந்து வரும் இரைச்சல், ரிசீவருக்குள்ளேயே உருவாகும் இரைச்சலைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் கேட்கும் ஆன்டெனா எவ்வளவு சிக்னலைப் பிடிக்கிறது என்பது முக்கியமே இல்லை, 20 அல்லது 30 டெசிபல் குறைவாகப் பிடித்தாலும் ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் பெட்டி) வைத்து ஏற்றிக்கொள்ளலாம். எந்தத் திசைக்கு அது செவிடாக இருக்கிறது என்பதுதான் காசு. கே9ஏஒய் லூப்பின் பெருமையும் அதுவே: கேரி பிரீட் 1997 செப்டம்பரில் க்யூ.எஸ்.டி. என்ற அமெச்சூர் வானொலி இதழில் வெளியிட்ட அந்த டிசைனுக்கு 7.5 மீட்டரில் ஒரு கம்பமும் 26 மீட்டர் வயரும் போதும், அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு பக்கம் நன்றாகக் கேட்கும், எதிர்ப்பக்கம் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கம் உருவாவது எப்படி என்றால், இரண்டு வழியாக வரும் கரண்ட் ஒன்றையொன்று கிட்டத்தட்ட சரியாக அடித்துக்கொள்வதால். இந்தக் கணக்கு ரொம்ப நாசூக்கானது. பக்கத்தில் ரெசனன்ஸில், அதாவது அதே அலைவரிசைக்கு இசைந்த நிலையில், ஒரு வயர் நின்றால் அது வானத்திலிருந்து வருவதையும், பக்கத்து வீட்டு இரைச்சலையும் தாராளமாக வாங்கி, வாங்கியதை மறுபடி நாலாபக்கமும் வீசும். அப்படி வீசியதில் ஒரு துளி லூப்பில் விழுந்தாலே கணக்கு கெட்டுப்போகும். பிறகு உங்கள் லூப் எந்தப் பக்கமும் செவிடாக இருக்காது.

தள்ளி வைத்தால் போதுமே என்பீர்கள். போதும்தான். 160 மீட்டரில் அரை அலைநீளம் என்றால் 80 மீட்டர், அவ்வளவு இடைவெளி இருந்தால் கவலையை விடலாம். கால் அலைநீளம், 40 மீட்டர் கிடைத்தால் சமாளிக்கலாம். அந்த இடம் இருக்கிறவர் இதைப் படிக்க வேண்டியதில்லை, நேராகப் போய் ஒரு பெவரேஜ் (தரைக்குச் சற்று மேலே நீளமாக ஓடும் ரிசீவிங் வயர்) போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு இருக்கிற ஒரே வழி, கேட்கும் நேரத்தில் பெரிய ஆன்டெனாவின் ரெசனன்ஸைக் கலைத்துவிடுவது.

முதலில் உங்களுக்கு இந்த வியாதி இருக்கிறதா என்று பாருங்கள்

ரிலே (மின்சாரத்தால் மாறும் ஸ்விட்ச்), பெட்டி என்று எதையும் வாங்கும் முன் ஒரு சாயங்காலத்தை இதற்கு ஒதுக்குங்கள். லூப்பை ரிக்கோடு, அதாவது ரேடியோ பெட்டியோடு, இணைத்து 1840 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். பெரிய ஆன்டெனாவின் கோஆக்ஸ் கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி, அதன் நுனியை மூன்று நிலையில் மாற்றி மாற்றிப் பாருங்கள்: திறந்தபடி ஒருமுறை, 50 ஓம் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் ரெசிஸ்டர்) ஒருமுறை, நடுப்பின்னையும் ஷீல்டையும் ஷார்ட் செய்து ஒருமுறை. மூன்றிலும் லூப்பில் இரைச்சல் அசையாமல் அப்படியே இருந்தால் உங்களுக்குப் பிரச்சினை அநேகமாக இல்லை, அல்லது பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. ஒரு நிலையில் எஸ் மீட்டர் (ரிக்கில் சிக்னல் அளவைக் காட்டுவது) சட்டென்று இறங்கினால், அங்கேயே உங்கள் விடை கிடைத்துவிட்டது.

இரைச்சல் அளவை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். செவிட்டுப் பக்கத்தைச் சோதிப்பதுதான் சரியான பரீட்சை. ஐந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில், லூப்பின் பின்பக்கத் திசையில் ஒரு நண்பர் இருந்தால், பகலில் கொஞ்ச நேரம் குறைந்த பவரில் ஒரு கேரியர் தரச் சொல்லுங்கள். பகலில் என்றால் தரையலை மட்டும்தான் வரும், ஃபேடிங் இருக்காது, மீட்டர் ஆடாது. மூன்று நிலையிலும் அந்தக் கேரியர் எவ்வளவு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எதில் மிகக் குறைவோ, அந்த நிலையில்தான் லூப் லூப்பாக வேலை செய்கிறது. மீடியம் வேவ் வானொலி நிலையம் ஒன்றை வைத்து இதைப் பார்த்தால் ஆகாதா என்று கேட்பார்கள். லூப் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அது உதவும். ஆனால் உங்கள் இன்வெர்ட்டட் எல் 936 கிலோஹெர்ட்ஸிலோ 1197-லோ ரெசனன்ஸில் இல்லை, 1.8-ல்தான் இருக்கிறது. அதனால் அங்கே எல்லாம் அழகாகத் தெரியும், இங்கே வந்தால் காலை வாரும்.

நண்பர் இல்லையா, எஃப்.டி.8 (கேட்கும் நிலையத்தின் அளவை டெசிபலில் காட்டும் கம்ப்யூட்டர் வழி டிஜிட்டல் முறை) இருக்கிறது. ஒரு அரைமணி நேரம் 30 நொடிக்கு ஒருமுறை இரண்டு நிலைகளை மாற்றி மாற்றி, ஒரே நிலையத்தின் டெசிபல் எண்களை இரண்டு வரிசையாக எழுதி சராசரி எடுங்கள். ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம், 160-ல் நிமிடத்துக்கு நிமிடம் சிக்னல் ஏறி இறங்கும்.

காசில்லாத வைத்தியம்: கோஆக்ஸ் நீளம்

கோஆக்ஸை ரிக்கிலிருந்து கழற்றிவிட்டேன், ஆன்டெனா தனியாகிவிட்டது என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கழற்றிய நுனி திறந்திருக்கிறது, சரி. ஆன்டெனாவின் அடியில் அது எப்படித் தெரிகிறது என்பது கேபிளின் நீளத்தைப் பொறுத்தது. கேபிள் மின்சாரக் கணக்கில் அரை அலைநீளம் என்றால் அங்கேயும் திறந்தது போலவே தெரியும். கால் அலைநீளம் என்றால் நேர் தலைகீழ், இங்கே திறந்தது அங்கே ஷார்ட்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1840 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 163 மீட்டர், கால்பங்கு 40.7. ஆர்.ஜி.58, ஆர்.ஜி.213 மாதிரி கெட்டி பாலித்தீன் கேபிளில் வேகக் காரணி (காற்றோடு ஒப்பிட்டால் கேபிளில் அலை போகும் வேகம்) 0.66, ஆக 27 மீட்டர் கேபிள்தான் ஒரு மின்சாரக் கால் அலைநீளம். வீட்டிலிருந்து தோப்புக்கு 27 மீட்டர் என்பது ரொம்ப சகஜமான தூரம் இல்லையா? எனக்கு 26 சொச்சம். அதாவது நான் ஒவ்வொரு முறையும் கோஆக்ஸைப் பத்திரமாகக் கழற்றி வைத்து, அதன் மூலம் இன்வெர்ட்டட் எல்லின் அடியை எர்த்தோடு கச்சிதமாகக் கட்டி, இருப்பதிலேயே மோசமான ரெசனன்ஸை உண்டாக்கிக்கொண்டிருந்தேன்! நுனியை ஷார்ட் செய்ததும் அடி திறந்துகொண்டது, யூ.பி.எஸ் கிர்ர் பாதாளத்துக்குப் போனது. ஒரு பிஎல்-259 பிளக்குக்குள் சின்னதாக ஒரு வயர் துண்டு, அவ்வளவுதான் மொத்தச் செலவு.

உங்கள் கேபிள் கால், அரை இரண்டுக்கும் நடுவில் ஏதாவது நீளமாக இருந்தால் ஷார்ட்டும் உதவாது, திறப்பதும் உதவாது. அப்போது அறைக்குள்ளேயே கொஞ்சம் கேபிளைச் சேர்த்து அரை அலைநீளத்துக்குக் கொண்டுவந்து, நுனியைத் திறந்து விடலாம், அல்லது அடுத்து சொல்லும் ரிலே வழிக்குப் போகலாம். தனி ரிசீவிங் சாக்கெட் உள்ள ரிக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு: கேட்கும் நேரத்தில் பெரிய ஆன்டெனா உள்ளே ஃபில்டர், டியூனர் எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அடியிலேயே ரிலே

நிரந்தரமான வழி, ஆன்டெனாவின் அடியில் ஒரு ரிலே வைத்து, கேட்கும்போது வயரை ஃபீடிலிருந்து பிரித்துவிடுவது. கால் அலைநீள வயரின் அடி மின்மறுப்பு குறைவு, ஆகவே அங்கே வோல்ட்டேஜும் பயப்படும் அளவில்லை: 50 ஓமில் 100 வாட்டுக்கு 71 வோல்ட், உச்சத்தில் 100. 400 வாட்டுக்கே உச்சம் 200 வோல்ட்தான். கடையில் கிடைக்கும் சாதாரண 12 வோல்ட், 10 ஆம்பியர் சேஞ்ச்ஓவர் ரிலே தாராளமாகத் தாங்கும். வயரைக் கால் அலைநீளத்தைவிட நீட்டிப் போட்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அடியில் வோல்ட்டேஜ் ஏறும்.

அனுப்பும்போது ரிலே இழுக்கட்டும், சும்மா இருக்கும்போது வயர் பிரிந்து நிற்கட்டும். ஆனால் 40 மீட்டர் வயரை எர்த் தொடர்பே இல்லாமல் அந்தரத்தில் விட்டால், வறண்ட காற்றிலும் மழைமேகம் கூடும்போதும் அதில் ஸ்டாட்டிக் ஏறிக்கொண்டே போகும். அதற்கு வயரிலிருந்து எர்த்துக்கு ஒரு வடிகால் ரெசிஸ்டர் போடுங்கள். 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் மூன்று நான்கைத் தொடராகக் கோத்தால் போதும். ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கன்ட்ரோல் வயர் இரண்டு முனையிலும் ஃபெரைட் வளையத்தில் சில சுற்று. இதைத் தவிர்த்தால் நீங்கள் அனுப்பும் ஆர்.எஃப். அந்த வயரில் ஏறி அறைக்குள் வந்து நிற்கும்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வேடிக்கை. 160-க்காக அடியைத் திறந்து விட்டீர்கள், அந்தரத்தில் 40 மீட்டர் வயர் நிற்கிறது. 40 மீட்டர் வயர் அந்தரத்தில் நின்றால் அது எதில் அரை அலைநீளம்? 3.6 மெகாஹெர்ட்ஸில். அப்படியே அசல் 80 மீட்டர் ரெசனன்ஸ்! அதாவது 160-ல் தூங்க வைத்த அதே ரிலே, பேண்டை 80-க்கு மாற்றியதும் அந்த வயரைத் தட்டி எழுப்பிவிடுகிறது. 80-ல் கேட்கும்போது அதன் அடியைத் திறக்கக் கூடாது, எர்த்தோடு ஷார்ட் செய்ய வேண்டும். அதனால்தான் சேஞ்ச்ஓவர் ரிலே என்று சொன்னேன். இரண்டாவதாக இன்னொரு ரிலேயும் அறையில் ஒரு ஸ்விட்சும் வைத்து, 160-க்குத் திறப்பு, 80-க்கு ஷார்ட் என்று மாற்றிக்கொள்ளலாம். ரேடியல் (ஆன்டெனா அடியிலிருந்து தரையில் விரிக்கும் எர்த் வயர்) குறைவாக இருந்தால் ஷார்ட் அவ்வளவு கச்சிதமாக வேலை செய்யாது, மறுபடியும் நண்பரின் கேரியரை வைத்து அளந்து பார்ப்பதே நல்லது.

சும்மா நிற்பதாகத் தெரியும் மற்ற வயர்களையும் ஒரு சுற்று பாருங்கள். 80 மீட்டர் டைபோலை 160-ல் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஆனால் அதிலிருந்து 15, 20 மீட்டர் கோஆக்ஸ் நேராகத் தொங்கினால், கோஆக்ஸின் வெளிப்பக்கம் செங்குத்தாகவும் டைபோல் மேலே தொப்பியாகவும் சேர்ந்து ஒரு டி ஆன்டெனா ஆகி 160 பக்கமே வந்து நிற்கும். ஃபீட் பாயின்ட்டில் நல்ல சோக் (கேபிளின் வெளிப்பக்கக் கரண்டைத் தடுப்பது) ஒன்று போட்டால் அடங்கும். மேலே பீம் வைத்த 18 மீட்டர் டவரும் இதே கேஸ்தான். மொட்டை மாடியில் நிற்கும் 6 மீட்டர் ஜி.ஐ. பைப்பை விட்டுவிடலாம். ஆனால் பம்ப்செட்டுக்குத் தோப்பு வழியாகப் போகும் வயரை விடாதீர்கள். அதை ஒன்றும் செய்ய முடியாது. லூப்பைத்தான் அதிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

கேபிள் வழியாக நுழையும் திருடன்

பெரிய ஆன்டெனாவைத் தூங்க வைத்தும் இரைச்சல் குறையவில்லை என்றால், லூப்பின் கோஆக்ஸைச் சந்தேகப்படுங்கள். லூப் முனையில் கேபிளைக் கழற்றி, அதில் 75 ஓம் ரெசிஸ்டரை மட்டும் மாட்டிவிட்டு அறைக்கு வந்து கேளுங்கள். லூப்பே இல்லை, ஆகவே ரிசீவர் அமைதியாக இருக்க வேண்டும். ஏதாவது கேட்டால் அது கேபிளின் ஷீல்டுக்கு வெளிப்பக்கமாக நடந்து வருகிறது என்று அர்த்தம், அந்தக் கேபிள் வீட்டு எர்த்திலிருந்தோ பெரிய ஆன்டெனாவின் ரேடியலிலிருந்தோ அதை வாங்குகிறது.

மருந்து மூன்று. லூப் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான எர்த் இருக்கக் கூடாது; பி.என்.73-202 ஃபெரைட் கோரில் கேபிள் பக்கம் 2 சுற்று, லூப் பக்கம் 6 சுற்று, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல். கேபிளில் ஒரு சோக் லூப் அருகிலும், ஒன்று வீட்டுக்குள் நுழையும் இடத்திலும். அப்புறம், லூப்பின் எர்த் ராடும் கேபிளும் பெரிய ஆன்டெனாவின் ரேடியல்கள் மேல் படக் கூடாது, தரையில் விரிக்கும் லூப் போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கேபிளுக்கு விலையுயர்ந்தது எதுவும் வேண்டாம், கேபிள் டிவிக்காரர்கள் இழுக்கும் ஆர்.ஜி.6 போதும்.

இனி எதிர்ப்பக்கம்: அனுப்பும்போது லூப்புக்கு என்ன ஆகிறது

இதுவரை பெரியது சின்னதைக் கெடுத்தது. இப்போது பெரியது சின்னதைக் கொல்வது. அனுப்பும் பவரில் ஒரு பகுதி லூப் வழியாகத் திரும்பி வந்து ப்ரீஆம்பையோ ரிசீவரையோ எரிக்கலாம். எவ்வளவு வரும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, நானோவிஎன்ஏ (ஆன்டெனா அளக்கும் சின்ன கருவி) இருந்தால் இரண்டு நிமிட வேலை. முதல் போர்ட்டில் பெரிய ஆன்டெனா, இரண்டாவதில் லூப், எஸ்21 அளவை (முதல் போர்ட்டிலிருந்து இரண்டாவதுக்கு எவ்வளவு போகிறது என்பது) 1.84 மெகாஹெர்ட்ஸில் படியுங்கள். மாட்டும் முன் இரண்டு கேபிளின் நடுப்பின்னையும் ஒருமுறை எர்த்தில் தொட்டு ஸ்டாட்டிக்கை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாவம் அந்தச் சின்ன டப்பா. அடியில் ரிலே இருந்தால் அது அனுப்பும் நிலையில் இழுத்திருக்க வேண்டும். ப்ரீஆம்ப் இருந்தால் அளக்கும்போது விலக்கிவிடுங்கள்.

மைனஸ் 20 டெசிபல் காட்டினால், 100 வாட் அனுப்பும்போது லூப் கேபிளில் 1 வாட் வருகிறது. மைனஸ் 30 என்றால் 100 மில்லிவாட், மைனஸ் 40 என்றால் 10 மில்லிவாட். 400 வாட் என்றால் எல்லாம் நான்கு மடங்கு. 10 மில்லிவாட்டுக்கு மேல் போனால் நான் நிம்மதியாக இருப்பதில்லை. ஆகவே அனுப்பும்போது லூப் கேபிளைப் பிரித்து, ப்ரீஆம்பின் வாயை எர்த்தோடு ஷார்ட் செய்யும் இன்னொரு ரிலே அவசியம்.

ஐகாம் ஐசி-7300 மாதிரி ஒரே ஆன்டெனா சாக்கெட் உள்ள ரிக் வைத்திருப்பவர்கள் இங்கே இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெளியே ஒரு ரிலே பெட்டி வைத்து, கேட்கும்போது லூப், அனுப்பும்போது பெரியது என்று மாற்றுவார்கள். அந்தப் பெட்டிக்குக் கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதை முதலில் யோசித்து வயரிங் செய்யுங்கள். கரன்ட் இல்லாத நிலையில் ரிக் பெரிய ஆன்டெனாவோடுதான் இணைந்திருக்க வேண்டும்; லூப் என்பது கரன்ட் இருந்து, அனுப்பாமலும் இருக்கும்போது மட்டும் கிடைக்கும் சலுகை. தலைகீழாகக் கட்டினால், ஒருநாள் ஃப்யூஸ் போய், முழு 100 வாட்டும் லூப் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும்.

அடுத்தது வரிசை. பி.டி.டி. (அனுப்பும் பொத்தான்) அழுத்தியதும் முதலில் லூப் பிரிய வேண்டும், பெரியது இணைய வேண்டும், அதன் பிறகுதான் ஆர்.எஃப். வர வேண்டும். சின்ன ரிலே இழுத்து முடிக்க 10 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளும், காண்டாக்ட் துள்ளி அடங்க இன்னும் கொஞ்சம். ரிக்கின் மெனுவில் டி.எக்ஸ். டிலே இருந்தால் 25 அல்லது 30 மில்லிசெகண்ட் வையுங்கள். சி.டபிள்யூ.வில் (மோர்ஸ்) ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே கேட்கும் ஃபுல் பிரேக்-இன் ஆசையை விட்டுவிடுங்கள், இந்த ரிலேக்களால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது, செமி பிரேக்-இன் போதும். ரிக்கின் செண்ட் லைனில் (அனுப்பும்போது வெளிப்பெட்டிகளை இயக்கும் வயர்) ரிலேக்களை நேரடியாக மாட்டாமல் நடுவில் ஒரு டிரான்ஸிஸ்டர் வையுங்கள். முதல் சோதனை 5 வாட்டில், எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்புகிறது என்று காட்டுவது) ஒரு கண் வைத்தபடி. வாக்ஸ் (குரல் கேட்டதும் தானாக அனுப்புவது), டியூனர் பட்டன், கம்ப்யூட்டர் வழி அனுப்புவது என்று அனுப்பத் தொடங்கும் ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

ரிலேக்குப் பதிலாக ரிசீவர் வாயில் இரண்டு டயோடை எதிரெதிராகக் கட்டிவிட்டால் போதும் என்று சொல்வார்கள். ஊருக்குப் பக்கத்தில் மீடியம் வேவ் நிலையம் இருந்தால் அதைச் செய்யாதீர்கள். பலமான ஏ.எம். சிக்னல் டயோடைத் தட்டித் திறக்கும், பிறகு இல்லாத நிலையங்கள் எல்லாம் கேட்கும். திருச்சி வானொலியின் 936-ஐ இரண்டால் பெருக்கினால் 1872. இந்தியாவில் நமக்கு அனுமதித்த 1820 முதல் 1860 வரையிலான பட்டைக்கு மேல் கொஞ்சம் தள்ளித்தான், ஆனால் இரண்டு நிலையங்கள் கூடியும் பெருகியும் வருவது எங்கே வந்து விழும் என்று யார் கண்டது. ப்ரீஆம்புக்கு முன்னால் மீடியம் வேவை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் ஒன்று இருப்பது எப்போதும் நல்லது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆன்டெனாவின் சிக்னலை எதிர்ப்படுத்தி இரைச்சலை அழிக்கும் நாய்ஸ் கேன்சலர் பெட்டி வைத்திருந்து, அதில் பெரிய ஆன்டெனாவை நாய்ஸ் ஆன்டெனாவாகப் பயன்படுத்தினால், அதைத் தூங்க வைக்கக் கூடாது. இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள். எனக்குத் தூங்க வைப்பதுதான் பிடித்திருக்கிறது, ஒருமுறை சரிசெய்தால் அதன் பிறகு குமிழைத் திருகிக்கொண்டே உட்கார வேண்டியதில்லை.

இதையெல்லாம் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடியும் மழையுமாக 160-ல் எதுவும் கேட்காது, ரிலே பெட்டியைத் திறந்து வேலை செய்யவும் முடியாது. மார்கழி தொடங்கி மாசி வரைதான் நமக்குக் கிடைக்கும் அமைதியான காலம். அந்த நேரத்தில் திடீரென்று எஸ்.டபிள்யூ.ஆர். எகிறினால், ஆன்டெனா அறுந்துவிட்டதென்று இருட்டில் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். முதலில் அடியில் இருக்கும் பெட்டியைத் திறங்கள். என் பெட்டியில் இரண்டு தடவை ரிலே காண்டாக்டுக்கு நடுவே எறும்பு நசுங்கிக் கிடந்தது, ஒரு தடவை பல்லி முட்டை இருந்தது. இப்போது மூடி போட்ட சீல்டு ரிலேதான் வைக்கிறேன், கேபிள் நுழையும் ஓட்டைகளை சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டு, தண்ணீர் வடிய அடியில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதில் கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன்.